எருமேடும் மருந்துப் புட்டியும்

ஜேபஸ் டிரான்ட்டரின் இடது பாதத்தில் எருக்கவை ஏறியது 1868 மார்ச் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை. வைல்டிங் பண்ணையில் அன்று எருமேட்டை வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குளிர்காலம் முழுக்க மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கொட்டிய சாணி, குதிரை லத்தி, பன்றிக் கொட்டிலில் மிதிபட்ட வைக்கோல் எல்லாம் மக்கி, அடுக்கடுக்காக இறுகி, உள்ளே வெந்து ஆவி விட்டுக்கொண்டிருக்கும். நீளப் பற்கள் வைத்த இரும்புக் கவையால் குத்திக் கிளப்பினால்தான் பெயரும். ஜேபஸ் பதினைந்து வருஷமாகச் செய்த வேலைதான். அன்று கவை ஏதோ கல்லில் பட்டு வழுக்கி, பூட்ஸ் தோலைத் துளைத்துப் பாதத்துக்குள் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு, வண்டி நிறைகிற வரைக்கும் வேலை செய்திருக்கிறான்.

அந்த எருமேட்டுக்கு எங்கள் ஊரில் மிக்சன் என்று பேர். ஷ்ராப்ஷயரில் பிறந்தவர்கள் வேறு பேர் சொல்ல மாட்டார்கள். பச்சைச் சாணி என்றால் ஷார்ன். பானையில் பிடித்துப் புளிக்கவைத்த மூத்திரம் லான்ட். கம்பளி அலசவும் அதுதான், பொடுகுக்குத் தலையில் தேய்க்கவும் அதுதான். நான், லெட்டிஸ் கோர்ஃபீல்ட், இதே ஆல்டர்கோட்டில் பிறந்து, டவுனில் படித்துவிட்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாகத் திரும்பி வந்தவள். பிள்ளைகள் இந்த வார்த்தைகளைச் சொன்னால் திருத்துவேன். மேசையைத் தட்டி, "இது புத்தகத்துல இருக்கிற வார்த்தையா?" என்று கேட்பேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நானும் அதே பேச்சுதான் பேசுவேன்.

ஜேபஸின் மனைவி டேமரிஸ் என் வயசுக்காரி. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம் என்று சொல்ல முடியாது, அவள் ஒரு குளிர்காலம்தான் பள்ளிக்கு வந்தாள். அதற்குள் அவளைப் பண்ணையில் பால் கறக்கப் போட்டுவிட்டார்கள். ஆனால் ஒரே ஓடையில் விளையாடினோம். அவள் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. மூன்று பிள்ளைகள் அவளுக்கு.

அன்றைக்கு டாக்டரைக் கூப்பிட்டது பண்ணைக்காரர் வைல்டிங். டாக்டர் ஃபாரன்ட் லண்டனிலிருந்து வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மெலிந்த மனிதர், முப்பது வயசிருக்கும், வேகவேகமாகப் பேசுவார். நாங்கள் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் மூன்று சொல்லிவிட்டுக் குதிரையில் ஏறியிருப்பார். காயத்துக்கு அப்போதுதான் புதிதாக வந்திருந்த கார்பாலிக் மருந்தில் அவருக்கு அபார நம்பிக்கை. ஜேபஸின் காலைக் கழுவினார், துளைக்குள் அந்த மருந்தை ஊற்றினார், ஜேபஸ் போட்ட சத்தத்தில் கோழிகள் எல்லாம் வெளியே ஓடின. கட்டுக் கட்டினார். அந்த நேரம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகி ஆள் வந்து நின்றான். டாக்டர் மேசைமேல் மிக்சர் என்கிற கலவை மருந்து நிறைந்த ஒரு நீலப் புட்டியை வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டே டேமரிஸிடம் பேசினார். அவர் பேசியதை டேமரிஸ் பிறகு எனக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். அதாவது, அவள் காதில் விழுந்ததை. அவர் வாயிலிருந்து வந்தது இது:

"இது விஷம். வாயில படவே கூடாது. பிள்ளைங்க கைக்கு எட்டாத இடத்துல வை. காயத்துல ஒரு நாளைக்கு மூணு தடவை மிக்சர் போடு. துணியை அதுலயே நல்லா நனைச்சுக் கட்டு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டாக்டர்."

போய்விட்டார்.

டேமரிஸ் புட்டியை எடுத்து, கடிகாரப் பெட்டிக்குள், பெண்டுலத்துக்கும் மேலே இருந்த தட்டில் வைத்துப் பூட்டினாள். விஷம் என்றாரே. பிறகு ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போனாள்.

அவளை முட்டாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் பக்கம் காயத்துக்குச் சாணி வைப்பது புதிதில்லை. கொப்புளத்துக்குச் சூடான ஷார்ன், மஞ்சள் காமாலைக்கு வாத்து எச்சத்தைப் பியரில் கலக்கி, தொண்டைப்புண்ணுக்கு வெளுத்த நாய்ப்பீயைப் பொடித்துத் தேனில் குழைத்து. என் அப்பாவுக்கே வைத்திருக்கிறார்கள். லண்டன் டாக்டரும் அதையே சொன்னதில் டேமரிஸுக்கு ஆச்சரியம் இருந்ததாம், கொஞ்சம் பெருமையும். "என்ன இருந்தாலும் படிச்சவரு, நம்ம வழிக்குத்தான் வந்திருக்காரு பாரு" என்று ஜேபஸிடம் சொல்லியிருக்கிறாள். எருமேட்டின் அடியிலிருந்து கசிகிற கறுப்பு நீரில் துணியை நனைத்து, மேலே மக்கிய எருவை அப்பி, காலை, மதியம், மாலை என்று எட்டு நாள் கட்டினாள். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

நான்காம் நாள் வருவதாகச் சொல்லியிருந்த டாக்டர் வரவில்லை. மேல்கிராமத்தில் பிள்ளைகளுக்குத் தட்டம்மை. ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை காலையில் ஜேபஸால் ரொட்டியைக் கடிக்க முடியவில்லை. தாடை பிடித்துக்கொண்டது. புதன்கிழமை டாக்டர் வந்து சேர்ந்தபோது முதுகும் வில்லாக வளைய ஆரம்பித்திருந்தது.

அவர் உள்ளே நுழைந்த நேரம் டேமரிஸ் கிணற்றடியில் இருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது கெசையா கிட்டின்ஸ். ஐம்பது வயசு விதவை, எலும்பும் தோலுமாக உயரமான பெண்பிள்ளை. ஊரில் மாட்டு வைத்தியம் பார்ப்பவள். வைல்டிங் பண்ணையில் ஒரு பசுவுக்குக் கன்று திரும்பிக்கொண்டதைச் சரிசெய்துவிட்டு, போகிற வழியில் ஜேபஸைப் பார்க்க வந்திருந்தாள். முழங்கை வரைக்கும் சாணியும் ரத்தமும். டாக்டர் கட்டைப் பிரித்தார். உள்ளே இருந்ததைப் பார்த்தார். கெசையாவின் கையைப் பார்த்தார்.

"வெளியே போ," என்றார். "ஒரு மனுஷனைக் கொன்னுட்ட. வெளியே போ!"

"நான் என்ன பண்ணேன்?" என்றாள் கெசையா.

டாக்டர் அவள் தோளைப் பிடித்துத் தள்ளியே விட்டார். துணியை அடுப்பில் போட்டு எரித்தார், தன் பையிலிருந்த மருந்தால் காலைக் கழுவினார். டேமரிஸ் குடத்தோடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"அந்தப் பொம்பளை இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. நான் சொன்ன மாதிரி மிக்சர் போட்டியா நீ?"

"மூணு வேளையும் போட்டேன் டாக்டர்."

"உன்மேல தப்பில்லை," என்றார் டாக்டர்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜேபஸ் இறந்தான். ரணஜன்னியில் சாகிறவனைப் பார்த்தவர்கள் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். நானும் பேசப்போவதில்லை. உடம்பைக் கழுவிக் கிடத்த நான்தான் டேமரிஸோடு இருந்தேன். சாவு வீட்டில் கடிகாரத்தை நிறுத்துவது வழக்கம் என்று அவள் கடிகாரப் பெட்டியைத் திறந்தாள். பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு தட்டிலிருந்து புட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இதை டாக்டர்கிட்டக் குடுத்துரு லெட்டி. விஷமாம். பிள்ளைங்க இருக்கிற வீடு."

மூடியின்மேல் சிவப்பு மெழுகு உடையாமல் இருந்தது. நான் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒன்றும் தோன்றவில்லை. என் மூளை அப்போது ஜேபஸின் வாயை எப்படி மூடுவது என்பதில் இருந்தது.

டாக்டர் கெசையாமேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாள் சனிக்கிழமை, எங்கள் ஊர் 'கடா' சத்திரத்தின் பெரிய அறையில் மரண விசாரணை. டவுனிலிருந்து விசாரணை அதிகாரி ஹேவரல் வந்தார். பருத்த, பொறுமையான மனிதர். அவருடைய குமாஸ்தா குதிரையிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டதால் சாட்சியங்களை எழுத ஆள் இல்லை. "இந்த ஊரில் யாருக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். பாதிரியார் என்னைக் காட்டிவிட்டார். அப்படித்தான் அந்த மேசையில், அதிகாரிக்கு இடப்பக்கம் நான் உட்கார்ந்தேன். அவர் சொல்லச்சொல்ல நான் எழுத வேண்டும். பன்னிரண்டு ஜூரிகள், எல்லாரும் எங்கள் ஊர் ஆட்கள். தலைவர் சக்கரத் தச்சர் ப்ரோபர்ட். பக்கத்து அறையில் கொண்டுவந்து கிடத்தியிருந்த உடம்பைப் போய்ப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து உட்கார்ந்தார்கள்.

டாக்டர் தெளிவாகப் பேசினார். காயத்தை மருந்தால் சுத்தம் செய்ததாகவும், வீட்டில் போட மிக்சர் கொடுத்ததாகவும், ஒன்பது நாள் கழித்துப் பார்த்தபோது காயத்தில் சாணி அப்பியிருந்ததாகவும், அதை அப்பியவள் சாணிக் கையோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

அடுத்து டேமரிஸ். கறுப்புத் துணி இரவல் வாங்கியது, தோள்பட்டை தொளதொளவென்று இருந்தது.

"டாக்டர் சொன்னபடி செய்தாயா அம்மா?" என்று ஹேவரல் கேட்டார்.

"செஞ்சேன் ஐயா. ஒரு நாளைக்கு மூணு தடவை மிக்சன் போட்டேன்."

ஹேவரல் என் பக்கம் திரும்பி, நிதானமாகச் சொன்னார்: "எழுதுங்கள். மருத்துவர் சொன்னபடி நாள்தோறும் மூன்று முறை மிக்சர் போட்டேன்."

என் பேனா நின்றுவிட்டது.

அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்டதும் எனக்குக் கேட்டது. அந்த அறையில் இரண்டையும் கேட்ட ஒரே ஆள் நான்தான். மேசைக்குக் கீழே என் காலடியில் பை இருந்தது, பைக்குள் மெழுகு உடையாத புட்டி இருந்தது.

"மிஸ் கோர்ஃபீல்ட்?"

'மிக்சர்' என்று எழுதினேன். தெரிந்தேதான் எழுதினேன். டேமரிஸ் இறங்கிப் போய், ஜன்னலோரம் பெஞ்சில் உட்கார்ந்தாள். தன்னால் முடிந்ததையெல்லாம் புருஷனுக்குச் செய்துவிட்ட பெண்ணின் முகம் அது. அது மட்டும்தான் அவளுக்கு அப்போது மிச்சம் இருந்தது.

கெசையாவைக் கூப்பிட்டார்கள்.

"தொழில்?"

"லீச், ஐயா."

ஹேவரல் புருவத்தை உயர்த்தினார். "அட்டைப்பூச்சி விற்கிறாயா?"

அறையில் சிரிப்பு எழுந்தது. எங்கள் பக்கம் லீச் என்றால் வைத்தியர். ஒரு காலத்தில் ராஜாவின் வைத்தியருக்கும் அதுதான் பேர். ரத்தம் குடிக்கிற அட்டைக்கும் அதே பேர் இருப்பது எங்கள் குற்றமில்லை.

"மாட்டு லீச் ஐயா," என்றாள் கெசையா. "மாட்டுக்கு வைத்தியம் பாக்கிறேன். அதோ உக்காந்திருக்காரே, அவரு மனுஷ லீச். ரெண்டு பேருக்கும் ஒரே வேலை. என் நோயாளிங்க புகார் எழுதாதுங்க, அவ்வளவுதான் வித்தியாசம்."

டாக்டரின் காது சிவந்தது.

"இறந்தவன் காலில் சாணி வைத்தாயா?"

"இல்ல."

"வேறு மனிதர்களுக்கு எப்போதாவது வைத்திருக்கிறாயா?"

கெசையா ஜூரிகள் பக்கம் திரும்பினாள். "வச்சிருக்கேன். இந்தா, ப்ரோபர்ட்டுக்கு முழங்கால்ல. அந்தக் கடைசியில இருக்கிறவருக்கு எங்கன்னு சொன்னா வெக்கப்படுவாரு."

கடைசியில் இருந்தவர் தரையைப் பார்த்தார்.

"ஜேபஸ் டிரான்ட்டர் உன்னைக் கூப்பிட்டிருந்தால்?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவளுக்கு நல்லது. அது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"வச்சிருப்பேன் ஐயா. பச்சை ஷார்ன் சூடா வச்சிருப்பேன். ஆனா அவன் கூப்பிடல. நான் தொடவும் இல்ல."

அதை ஒரு வரி விடாமல் எழுதச் சொன்னார் ஹேவரல். பிறகு ஜூரிகளைப் பார்த்து, மருத்துவர் கொடுத்த மருந்தை மனைவி ஒழுங்காகப் போட்டிருக்கிறாள், அப்படியென்றால் சாணி எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள், உங்கள் முடிவு அப்படியானால் இந்தப் பெண்மேல் கொலைக்குச் சமமான குற்றம் சாட்டி அடுத்த கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார்.

ஜூரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ப்ரோபர்ட் எழுந்தார்.

"ஐயா, எங்களுக்கு ஒண்ணு வெளங்கல. டாக்டரே போடச் சொன்னாரு, டேமரிஸ் போட்டா. இதுல கெசையா எங்க வந்தா?"

"மனைவி போட்டது மருந்து. அதில் தவறில்லை," என்றார் ஹேவரல்.

"அதான் ஐயா நாங்களும் சொல்றோம். மருந்துக்குத்தான் போட்டா. டாக்டரு சொன்னதைப் போட்டா. அதுல தப்பில்லன்னா, அதே சாமானைக் கெசையா போட்டா மட்டும் எப்படித் தப்பாகும்?"

"அதே சாமானா? என்ன உளறுகிறாய்?" டாக்டர் எழுந்துவிட்டார். "நான் கொடுத்ததும் அந்த அசிங்கமும் ஒன்றா?"

"நீங்க குடுக்கல டாக்டர். எங்க ஊர்ல அதை யாரும் குடுக்கத் தேவையில்ல. மலைமாதிரி குமிஞ்சு கிடக்கு."

இரண்டு பக்கமும் குரல் உயர்ந்தது. ஹேவரல் மேசையைத் தட்டினார். ஊர்க்காரர்கள் தன் சாட்சியை அவமானப்படுத்துகிறார்கள் என்று அவர் நினைத்தார். டாக்டர் தானே செய்யச் சொல்லிவிட்டு இப்போது பழியை மாட்டு வைத்தியக்காரிமேல் போடுகிறார் என்று ஊர்க்காரர்கள் நினைத்தார்கள். கெசையா யாரையும் பார்க்காமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தாள், தோல் வெடித்திருந்தது.

நான் டேமரிஸைப் பார்த்தேன். மூன்று பிள்ளைகளைப் பற்றி நினைத்தேன். இன்னும் கால்மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், புட்டியை ஓடையில் எறிந்துவிடலாம், அவளுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று நினைத்தேன். அப்படி நினைக்கவில்லை என்று இப்போது சொல்லமாட்டேன். ஆனால் பழியைச் சுமக்கப்போகிற கெசையா முகம் தெரியாத யாரோ இல்லை. அவள் பெயரையும் இப்போதுதான் என் கையால் எழுதியிருந்தேன்.

'மிக்சர்' என்ற வார்த்தையின்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் 'மிக்சன்' என்று எழுதினேன். புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"ஐயா, நான் தப்பா எழுதிட்டேன். டேமரிஸை இன்னொரு கேள்வி கேக்கணும்."

"என்ன கேள்வி?"

"அவ காயத்துல போட்டதை எங்கிருந்து எடுத்தான்னு."

ஹேவரல் கேட்டார். டேமரிஸ் உட்கார்ந்த இடத்திலிருந்தே, கேள்வியின் அசட்டுத்தனத்தில் கொஞ்சம் எரிச்சலோடு பதில் சொன்னாள்.

"எங்கிருந்து எடுப்பாங்க? மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாலதான். மிக்சன் வேற எங்க இருக்கும்?"

ஹேவரல் என்னைப் பார்த்தார். நான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொன்னேன். பள்ளிக்கூடத்துக் குரலில்தான் சொன்னேன், வேறு குரல் வரவில்லை. டாக்டர் புட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மெழுகைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அந்த மனிதர் முகம் வெளுத்துப்போனதை அறையே பார்த்தது.

அவர் டேமரிஸிடம் போனார். முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு உனக்குக் கேட்டுச்சு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். விஷம், பிள்ளைகள், எட்டாத இடம், மூன்று தடவை, துணியை நனைத்து. சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் வேகம் குறைந்தாள். டாக்டர் கையிலிருந்த புட்டியைப் பார்த்தாள்.

"அப்போ அதுல இருந்தது..." என்றாள்.



டாக்டர் ஜூரிகள் பக்கம் திரும்பினார். "நான் புட்டியைக் கையில் எடுத்துக் காட்டவில்லை. காட்டியிருக்க வேண்டும். நான்காம் நாள் வருகிறேன் என்று சொல்லி வரவுமில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று. அவன் காலில் குத்திய கவை அதே எருமேட்டிலிருந்து வந்தது. நஞ்சு அன்றைக்கே, கவையோடேயே ஆழமாக இறங்கியிருக்கலாம். அப்படியானால் என் மருந்தும் காப்பாற்றியிருக்காது. எது என்று யாராலும் சொல்ல முடியாது." பிறகு கெசையாவைப் பார்த்து, "உன்னைத் தள்ளினேன். தப்பு," என்றார்.

"வலிக்கல," என்றாள் கெசையா. "பசு உதைக்கிறது இதைவிடப் பலம்."

விபத்தால் மரணம் என்று ஜூரிகள் முடிவு சொன்னார்கள். வெளியே போகக்கூட இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே தலையைச் சேர்த்துப் பேசி முடித்துவிட்டார்கள். ஹேவரல் காகிதங்களில் கையெழுத்துப் போட்டார். நான் கோடு போட்ட இடத்துக்குப் பக்கத்திலும் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டார்.

வெளியே வந்தபோது டாக்டர் குதிரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "கவையைப் பத்திச் சொன்னீங்களே, அது நிஜமா?" என்று கேட்டேன்.

"பாதி நிஜம்," என்றார். "எந்தப் பாதின்னு எனக்கே தெரியாது."

இரண்டு வாரம் கழித்து அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிள்ளைகள் போன பிறகு, அவர்களுடைய குட்டை பெஞ்சில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"உங்க ஊர்ல உடம்புக்கு வர்றதுக்கு என்னென்ன பேர், மாட்டுக்குப் பின்னால விழறதுக்கு என்னென்ன பேர், எல்லாம் சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

"மாட்டுக்குப் பின்னால விழறது எதுக்கு டாக்டர்?"

"ஒண்ணு இன்னொண்ணோட கலந்துடும்னு தெரிஞ்சுபோச்சே."

மூன்று சாயங்காலம் உட்கார்ந்தோம். நடுக்கக் காய்ச்சலுக்கு, கக்குவானுக்கு, தொண்டைக் கட்டிக்கு, நகச்சுற்றுக்கு. ஈரச் சாணிக்கு, காய்ந்த சாணிக்கு, ஆட்டுப் புழுக்கைக்கு, கொட்டகைச் சாக்கடைக்கு. நூற்றுப் பதினோரு வார்த்தை சேர்ந்தது. சிலதை அவர் உச்சரித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மிக்சன் என்ற வார்த்தையை மட்டும் அவர் என்னைக் கேட்கவில்லை. முதல் பக்கத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் நான் மேசையைத் தட்டுவதை விட்டுவிட்டேன்.

டாக்டரின் வேகம் அப்படியே போய்விடவில்லை. ஆனால் எந்த வீட்டிலும் மருந்தைக் கையில் தூக்கிக் காட்டாமல், "நான் என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லு" என்று கேட்காமல் வாசலைத் தாண்டமாட்டார். ஊர்ப் பிள்ளைகள் அதை விளையாட்டாக்கிவிட்டார்கள். ஒருத்தன் குச்சியைத் தூக்கிக் காட்டி, "நான் என்ன சொன்னேன்?" என்பான், மற்றவர்கள் கெட்ட வார்த்தையாகப் பார்த்துத் திருப்பிச் சொல்வார்கள்.

கெசையாவிடம் அவர் ஒரு பெரிய கார்பாலிக் ஜாடியைக் கொடுத்துவிட்டுப் போனார். குளம்பு அழுகலுக்குப் போட்டுப் பார்த்தவள், "ரெண்டும் ஒரே நாத்தம்தான், ஆனா இது வேலை செய்யுது" என்றாள். மனிதர்களுக்குச் சாணி வைப்பதை நிறுத்திவிட்டாளா என்று கேட்டால், இல்லை. ப்ரோபர்ட்டின் முழங்காலுக்கு அந்த வருஷமும் வைத்தாள். தோல் கிழிந்த இடத்தில் மட்டும் வைக்கமாட்டேன் என்பாள். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

எனக்கு அவள் நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. முதலில் நான் என்ன எழுதினேன் என்பதை அவள் எப்படியோ கேள்விப்பட்டிருந்தாள்.

டேமரிஸ் என்னோடு பேசவில்லை. வழியில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பாள். வைல்டிங் அவளைப் பண்ணை வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. பால்கறவைக்கு அவளை வைத்துக்கொண்டார். கன்று போடும் காலத்தில் கெசையாவுக்கு உதவியாகப் போவதும் அவள்தான். அந்த இரண்டு பேரும் கொட்டகையில் பசுவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, ஒரு மணி நேரம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வேலை செய்வார்கள் என்று வைல்டிங்கின் மனைவி சொன்னாள்.

மறு வருஷம் ஜூன் மாதம், மாட்டுத் தீவனத்துக்குக் காயவைக்கும் புல் அறுப்பு. ஊரே வயலில் இருந்தது, பள்ளிக்கு லீவு விட்டிருந்தேன். வாரிக் குவிக்கிற வரிசையில் டேமரிஸ் எனக்கு அடுத்த ஆளாக வந்து நின்றாள். தற்செயலாக இல்லை, இரண்டு பேரைத் தாண்டி வந்தாள். ஒரு வரிசை முழுக்கப் பேசாமல் வாரினோம். திரும்பும்போது புல்வாரியை ஊன்றி நின்றாள்.

"நீ முதல்ல டாக்டர் வார்த்தையைத்தான் எழுதினியாமே."

"ஆமா."

"எனக்காகவா?"

"உனக்காகத்தான்."

"அப்புறம் ஏன் அதை அடிச்ச?"

"கெசையாவைக் கொண்டுபோயிருப்பாங்க டேமரிஸ்."

அவள் யோசித்தாள். வேலியோரம் கெசையா ஒரு காளையின் குளம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் உன் இடத்துல இருந்தா அடிச்சிருக்க மாட்டேன்," என்றாள் டேமரிஸ். "அவ போனா போகட்டும்னு விட்டிருப்பேன். அவளைத் தினம் பாக்கிறேன். பாக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வருது."

"அவகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். போன மாசம், ஒரு கிடாரி கன்னு போடறப்ப."

"என்ன சொன்னா?"

"'கயித்தை இறுக்கிப் பிடி'ன்னா."

அடுத்த வரிசைக்கு ஆட்கள் நகர ஆரம்பித்துவிட்டார்கள். டேமரிஸ் கையில் எச்சிலைத் துப்பி வாரியைப் பிடித்தாள். மேற்கே ரெண்டு மூணு மேகம்தான் இருந்தது, நாளைக்கு முழுக்கக் காயும் என்றாள். நானும் அப்படித்தான் தோன்றுகிறது என்றேன். ஒன்றே கால் வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நாங்கள் வெயிலைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேசினோம்.